மூத்தவன் பேரில் ஒரு கடுதாசி

வரிசையாகச் சொல்ல வேண்டும். வரிசை தப்பினால் ஆபீசில் காகிதத்தைத் திருப்பி எறிந்துவிடுவார்கள், மனு எழுதியே கிழவனானவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலாவது, என் தகப்பன் பட்டாளத்துக்காக மலைப்பாதை வெட்டும்போது பாறை உருண்டு கால் போயிற்று, கால் போனவனைக் கழித்து அனுப்பினார்கள், பாதைக்கு ஒரு துரையின் பேரை வைத்தார்கள். இரண்டாவது, நான் சிப்பாயாகச் சேர்ந்த அன்று, உயரம் அளந்து மார்பு அளந்து எல்லாம் சரி என்றபின் ஜாதியைக் கேட்ட ரைட்டர், மைக்கூட்டை என் கையில் தராமல் தரையில் வைத்துக் காலால் தள்ளினான். மூன்றாவது, சீனத்துச் சண்டைக்குப் போன கப்பலில் தண்ணீர்ப் பீப்பாயை எங்கள் ஜனம் தொடக்கூடாது என்று கூடவந்த சிப்பாய்களே தடுத்தார்கள், அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார், என் பக்கத்தில் படுத்திருந்தவன் உப்புத்தண்ணீரைக் குடித்துப் பிதற்றிச் செத்தான். நான்காவது, இனிமேல் எங்கள் ஜனத்தில் ஆள் எடுக்க வேண்டாம், மார்பு அகலம் போதவில்லை என்று எங்கள் பட்டாளத்தில் வாய்ச்சொல்லாக ஓர் உத்தரவு வந்தது. முப்பது வருஷம் குண்டு வாங்கப் போதுமாயிருந்த மார்பு. ஐந்தாவது, பர்மா. பர்மாவில் செத்தவர்களுக்கு மைதானத்தில் நட்ட கல்லில் ஏழு துரைகளின் பேர், வயது, பிறந்த ஊர் எல்லாம் வெட்டியிருக்கிறது, அதற்குக் கீழே சுதேசிகள் தொண்ணூற்று நான்கு பேர் என்று ஒரே ஒரு வரி. ஐந்தாவதை நான் நன்றாகவே எழுதியிருக்கிறேன், எங்கள் ஜனத்துச் சபையார் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என் பேனா நின்றுவிடுகிறது. அங்கே ஒன்று இருக்கிறது. அதற்கு நம்பர் போடவில்லை. வருஷப்படி பார்த்தால் அதன் இடம் அதுதான், நான் அதைத் தாண்டிக் குதித்து நான்கு என்று எழுதுகிறேன், மை கொஞ்சம் சிந்துகிறது, ஒவ்வொரு பிரதியிலும் அந்த இடத்தில் ஒரு கறை.

"தலைய ஆட்டாதீங்க அவல்தாரய்யா. கழுத்து அறுந்தா அதுக்கும் ஒரு மனு எழுதுவீங்க" என்றான் தேசப்பன். முப்பது வருஷமாக எனக்குச் சவரம் செய்கிறவன், பட்டாளத்தோடு ஊர் ஊராக வந்தவன், இப்போது எனக்கிருக்கிற பல்லைவிட அவனுக்கு ஒன்று குறைவு. பல்லாவரத்துப் பட்டாள லைனுக்குப் பின்னால், பென்ஷன்காரர் குடிசைகளின் ஓரத்தில், அவன் கல்லின்மேல் நான் குந்தியிருக்கிறேன். கிண்ணியில் தண்ணீர் காலையிலேயே வெதுவெதுப்பாக இருக்கிறது, மலையிலிருந்து கல்லுடைக்கிற சத்தம் வருகிறது, மைதானத்தில் யாரோ புதுப்பிள்ளைகளை இடது வலது என்று அதட்டுகிறார்கள், என் கால்விரல் அதற்குத் தானாக அசைகிறது, வெட்கங்கெட்ட கால். இடது கன்னம் முடிந்தது. வலது கன்னம் முடிந்தது. கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தான். "மூக்குக்குக் கீழ இன்னா செய்யறது? சொல்லிடுங்க. ரெண்டு வருஷம் முன்ன கடுதாசி வந்தப்பவும் கேட்டேன், அப்படியே உடுன்னீங்க. வளர்ந்த புள்ள செத்து, அவனுக்குப் பின்னால கொள்ளி வைக்கப் புள்ளையும் இல்லாதப்போ, அப்பன் மீசையோட சுத்தறானேன்னு லைனெல்லாம் பேச்சு. நான்தான் சமாளிச்சேன். அவல்தாரு மீசை சர்க்காரு மீசை, உத்தரவு வராம எடுக்க முடியாதுன்னு." அவன் சிரித்தான். பொறு என்று கையைக் காட்டினேன். சோப்பு நுரை மேலுதட்டில் காய்கிறது, இழுக்கிறது. கிணற்றடியில் சுபேதார் மீரா உசேன் வந்துவிட்டார், வெள்ளைத் தாடி இங்கிருந்தே தெரிகிறது, சாட்சிக்கு இன்னும் மூன்று பேர் நிழலில் குந்தியிருக்கிறார்கள். வெயில் கிணற்றுக் கல்லைத் தொடுவதற்குள் படித்துவிட வேண்டும். நாற்பது அடி தூரம். நாற்பது அடியை நான் குண்டுக்கு நடுவில் நடந்தவன்.

எங்கள் பட்டாளத்தில் கடல்தாண்டிச் செத்தவனுக்கு உடம்பு வராது, கடுதாசி வரும். கடுதாசியை வீட்டில் வைத்துப் படிக்கக்கூடாது. கிணற்றடியில் நாலு சாட்சி வைத்து, பதவியில் இருந்த ஒருவர் நின்றுகொண்டு, செத்தவன் பேர், தகப்பன் பேர், செத்த இடம் மூன்றையும் உரக்கப் படிக்க வேண்டும். அதுவரைக்கும் அவன் உயிரோடிருக்கிறான், அதுவரைக்கும் யாரும் அழக்கூடாது. பேர் காதில் விழுந்ததும்தான் பெண்கள் வளையை உடைப்பார்கள், தாலியில் கை வைப்பார்கள். உடம்பில்லாத சாவுக்கு அந்தப் பேர்தான் உடம்பு. இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று தெரியாது, எந்த உத்தரவிலும் இல்லை, துரைகளுக்கே தெரியாத எங்கள் சட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் சுபேதார் படித்தார். சிப்பாய் பொன்னுரங்கம், ஏகாம்பரத்தின் மகன், மாண்டலேக்கு வடக்கே ஜுரத்தால். பெண்கள் என் மருமகள் தாயாருவின் கையைப் பிடித்தார்கள். அவள் உதறினாள். இருபத்திரண்டு வயசுப் பெண், அதுவரைக்கும் ஆண்கள் எதிரில் குரல் எழும்பாதவள், நிமிர்ந்து சொன்னாள்: "இது என் வூட்டுக்காரரு இல்ல. இது எங்க மூத்தாரு, அவருக்கு அண்ணன். நான் தொட்டில்ல கிடந்தப்பவே பேதியில போனவரு. எங்க மூத்தாரு செத்ததுக்கு நான் எதுக்குத் தாலி அறுக்கணும்?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சுபேதார் கேட்டார், "இன்னா ஏகாம்பரம், இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" தொண்டையில் பதில் இருந்தது. முழுப் பதில். நான் சொன்னேன், துக்கத்துல உளறுது சாயபு. ஐந்து வார்த்தைகூட இல்லை. துக்கத்தில் உளறுகிறது. அன்றிலிருந்து அவள் லைனுக்குப் பைத்தியக்காரி. இரண்டு வருஷமாகக் குங்குமம் வைக்கிறாள், வெள்ளிக்கிழமை பூ வைக்கிறாள், கிணற்றில் இவள் வாளியை விட்டால் மற்றப் பெண்கள் தங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். மைக்கூட்டைக் காலால் தள்ளினவனை நான் நாற்பது வருஷமாக மன்னிக்கவில்லை.

அந்த இடம், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். சீனத்திலிருந்து திரும்பி ஆறேழு வருஷம் கழித்துப் பட்டாளம் ஊர் மாறிற்று, நாங்கள் நடந்தோம், குடும்பங்கள் வண்டிகளில் பின்னால் வந்தன. மூத்தவன் பொன்னுரங்கத்துக்கு ஒன்பது வயசு. அப்போதுதான் அவனைப் பட்டாளத்துப் பையனாகச் சேர்த்திருந்தேன். சிப்பாய் பிள்ளைகளில் கம்பெனிக்கு நாலைந்து பேரைச் சின்ன வயசிலேயே சேர்த்துக்கொள்வார்கள், உடுப்புத் தருவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் பலகையில் உட்கார வைப்பார்கள். பலகையில். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட நாங்கள் மிதிக்க முடியாது. மூத்தவன் மூன்று வாரம் அந்தப் பலகையில் உட்கார்ந்தான். பிறகு வழியில் பேதி வந்தது, ஒரு பகல், சாயங்காலத்துக்குள் அவன் கண் உள்ளே போய்விட்டது, உதடு நீலம், சாலையோரத்து ஈச்சம்புதருக்குப் பக்கத்தில் என் பயனெட்டாலேயே பள்ளம் தோண்டினேன். வண்டிகளில் பாதிக் குடும்பம் அப்படியே போயிற்று. யாரும் யார் செத்தார்கள் என்று எழுதவில்லை, எழுத வேண்டிய ரைட்டரும் செத்திருந்தான். புது ஊரில் பையன்களுக்கு ஆஜர் எடுக்கிற அன்று காலையில் எனக்குத் தோன்றிற்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்குத்தான் தோன்றிற்று. சின்னவனுக்கு ஏழு வயசு, வயசுக்கு மீறின உயரம். அண்ணன் உடுப்பைப் போட்டேன், கையை மடித்துவிட்டேன், பொன்னுரங்கம்னு கூப்பிட்டா ஆஜர்னு சொல்லு என்றேன். கூப்பிட்டார்கள். அவன் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அண்ணன் எங்கேயாவது நிற்கிறானா என்று வரிசையைப் பார்த்தான். நான் முதுகில் ஒரு குத்து விட்டேன். ஆஜர். திரும்பி நடக்கும்போது கேட்டான், "அண்ணன் பேரை நான் எடுத்துக்கினா அண்ணனுக்கு இன்னா பேரு?" செத்தவனுக்குப் பேர் எதுக்குடா என்றேன். மண்ணையே பார்த்துக்கொண்டு நடந்தான். செத்தவனுக்குப் பேர் எதுக்கு. இதைச் சொன்ன அதே வாயால்தான் தொண்ணூற்று நான்கு பேருக்குப் பேர் வெட்டு என்று மைதானத்துக் கல்லுக்கு முன்னால் நின்று கத்தினேன், போலீஸ் வந்து தோளைப் பிடிக்கிறவரைக்கும் கத்தினேன், ஜனம் கைதட்டிற்று.

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ரைட்டர் நல்லவனாக வரட்டும், பையன் கொஞ்சம் படிக்கட்டும், சிப்பாயாகச் சேரட்டும், அவனுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும். அவன் நன்றாகப் படித்தான். அவன் படித்துக் காட்டித்தான் நான் எழுத்தே கற்றேன், சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த சின்னச் சின்னப் பிரசுரங்களை அவன் எழுத்துக் கூட்டிப் படிக்க நான் குந்திக் கேட்டேன், மனிதருக்கு மனிதர் தாழ்ந்தவரில்லை என்று அவன் வாயால்தான் முதலில் கேட்டேன், பத்து வயசுக் குரலில். வாய் தவறிவிடக்கூடாதே என்று வீட்டுக்குள்ளேயும் அவன் சொந்தப் பேரை நான் சொல்வதை நிறுத்தினேன். சின்னவனே என்பேன், டேய் என்பேன். அவன் தாய் கன்னியம்மா மட்டும் மூத்தவன் பேரால் அவனைக் கூப்பிடவே மாட்டாள். "பொதைச்சதைத் தோண்டி இவன் தலைமேல வைக்கறியா?" என்றாள். வெளியில் வாயைத் திறக்கமாட்டாள், சோறு போடும்போது குனிந்து அவன் காதோரம் சொந்தப் பேரைச் சொல்வாள், சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுவிட்டது என்று ஒருநாள் அவளை அடித்தேன். அடித்தேன். அதுவும் எந்த மனுவிலும் இல்லை. சாகிறதற்கு முன் மருமகளைப் பக்கத்தில் கூப்பிட்டு அந்தப் பேரை அவள் காதிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஆகவே தாயாருவுக்குத் தெரியும், தெரிந்து என்ன, புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். இரண்டு வருஷமாக அவளைப் பைத்தியம் என்கிறார்கள், ஒரு சொல்லில் அவர்கள் வாயை அடைக்கலாம், அவள் சொல்லவில்லை. செத்தவன் ஆயுசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நானும்தானே. நானும் அதையேதான் செய்தேன். வெளியில் கேட்டால் சபை, மனு, பொய்யாக ஆஜர் வைத்தவனா பேரைப் பற்றிப் பேசுகிறான் என்று மனுவை விசாரிக்கிற கமிட்டியில் சிரிப்பார்கள், நூற்றுப் பன்னிரண்டு பேருடைய காகிதத்தையும் கிழித்துப்போட அது ஒன்று போதும், என் நன்னடத்தைச் சீட்டைப் பிடுங்குவார்கள், இதெல்லாம் நிஜம், இதற்கெல்லாம் பயந்தேன். ஆனால் இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது. கடுதாசியில் செத்தது மூத்தவன். மூத்தவன் ஏற்கெனவே செத்தவன். அப்படியானால் சின்னவன்? அண்ணன் பேரைக் கழற்றி அந்த ஜுரக் கட்டிலில் போட்டுவிட்டு நழுவியிருக்கலாம். ஏதோ ஓர் ஆற்றங்கரையில், ஒரு பர்மாக்காரியோடு, புகையிலைக் கடை வைத்துக்கொண்டு, தன் சொந்தப் பேரில். அந்தக் கடையை நான் பார்த்திருக்கிறேன். மூங்கில் கதவு, தொங்குகிற தராசு, உள்ளே யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள், அவன் உடனே திரும்புகிறான்.

போன மாசம் பட்டாளம் திரும்பி வந்தது. கொம்பு ஊதுகிற சூசை என்னைப் பார்க்க வந்தான், சின்னவனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன், நல்ல பையன், குடித்திருந்தான். துக்கம் விசாரிக்க வந்தவன் எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தான். "ஜுரத்துல இன்னா கூத்து தெரியுமா பெரியப்பா? டாக்டர் துரை பொன்னுரங்கம் பொன்னுரங்கம்னு தட்டறாரு, இவன் கண்ணைத் தொறந்து, அவன் செத்துட்டான் சார், சின்ன வயசுலயே செத்துட்டான்றான். டாக்டரே சிரிச்சுட்டாரு. கடைசிவரிக்கும் அந்தப் பேருக்கு ஏன்னே கேக்கல. மருந்து குடிடா பொன்னுரங்கம்னா, அவனுக்குக் குடுங்கன்னு மூஞ்சியத் திருப்பிக்கினான்." புகையிலைக் கடை அங்கேயே சரிந்தது. தராசு, மூங்கில் கதவு, எல்லாம். அவன் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பான். மருந்து உள்ளே போயிருக்கும். ஒருவேளை. ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம், எத்தனையோ பேர் மருந்து குடித்தும் செத்தார்கள், ஆனால் அவர்களை அவரவர் பேரில் கூப்பிட்டார்கள். வாசலில் தண்ணீர்ச் செம்போடு தாயாரு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் வந்து எதிரில் நின்றாள், பூ இல்லை, குங்குமம் இருந்தது. "மாமா, நீங்க படிங்க." என்னத்தை என்றேன். "என்னத்தைன்னு உங்களுக்குத் தெரியும். நான் வாயால சொல்லக்கூடாது. அத்தை இல்ல. உசுரோட சொல்லக்கூடியவரு நீங்க ஒருத்தருதான். எங்கண்ணன் தங்கவயலுக்குக் கூப்பிடுது, ரெண்டு தடவை வந்து சும்மா திரும்பிப் போச்சு. யாருன்னு சொல்லிக்கினு போறது? கட்டினவளா, அறுத்தவளா?" நான் சபையைப் பற்றிச் சொன்னேன். மனுவைப் பற்றிச் சொன்னேன், இன்னும் மூன்று மாசம் பொறுக்கச் சொன்னேன், வரிசையாகச் சொன்னேன், ஒன்று, இரண்டு, மூன்று. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க தொண்ணூத்தி நாலுல அவரு இல்ல மாமா. அங்க செத்தது தொண்ணூத்தி மூணு பேரும் எங்க மூத்தாரும்" என்றாள். எந்த மேடையிலும் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

"அவல்தாரய்யா, சோப்பு காஞ்சுபோச்சு" என்றான் தேசப்பன். "இன்னொரு தரம் நுரை போடணும்னா போடறேன், ஆனா சாயபு இங்கியே பார்க்கறாரு." எடு என்றேன். "எதை?" மீசையை. அவன் கை நின்றது. சிரிப்பு இல்லை. கத்தியைத் திரும்பவும் தோல்வாரில் இழுத்தான், தேவையில்லாமல் பலதடவை இழுத்தான், பிறகு என் மூக்கை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான், குழந்தைக்குத் தூக்குகிற மாதிரி. நரை மயிர் மடியில் விழுகிறது. மேலுதடு வெயிலைப் பார்த்து முப்பத்தைந்து வருஷம், காற்றுப் பட்டதும் எரிகிறது, உரித்த மாதிரி இருக்கிறது. படிகாரத்தைத் தேய்த்தான், இன்னும் எரிந்தது. எழுந்தேன். முழங்கால் சொடுக்கிற்று. நாற்பது அடி. மைதானத்தில் இடது வலது இன்னும் நடக்கிறது, இந்தத் தடவை என் கால் அதற்கு அசையவில்லை, அதுபாட்டுக்குத் தாறுமாறாக நடக்கிறது, கிழவன் நடை. நிழலில் இருந்த சாட்சிகள் என் முகத்தைப் பார்த்து எழுந்து நிற்கிறார்கள். பெண்கள் கிணற்றுக்கு அந்தப்பக்கம், தாயாரு அவர்களிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, தனியாக, முந்தானையைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவள் என் மேலுதட்டைப் பார்த்தாள். பிடி தளர்ந்தது.

"இன்னா ஏகாம்பரம் இது?" என்றார் சுபேதார் மெதுவாக. "நீ படிக்கறேன்னு பொண்ணு சொல்லிச்சு. அதே கடுதாசிதானே? ஒருதடவை படிச்சாச்சேப்பா." அதே கடுதாசிதான் சாயபு, தப்பாப் படிச்சிட்டோம் என்றேன். நீட்டினார், வாங்கிக்கொண்டேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, எழுத்து நீர்த்துப்போயிருக்கிறது, பொன்னுரங்கம் என்று தெளிவாக இருக்கிறது, ரைட்டரின் அழகான கையெழுத்து. இதில் தப்பு எதுவும் இல்லை, ரைட்டர் என் வாயிலிருந்து வந்ததைத்தான் எழுதியிருக்கிறான். "சாட்சியெல்லாம் கேளுங்க" என்றேன், குரல் மேடைக்குரலாக வந்தது, எனக்கே அருவருப்பாக இருந்தது, தாழ்த்திக்கொண்டேன். "இதுல எழுதியிருக்கிற பேரு என் மூத்த பையன் பேரு. அவன் பேதியில செத்து இருபத்திரண்டு வருஷம். அவனைப் பொதைச்ச கையாலதான் அவன் பேரைச் சின்னவன்மேல வெச்சேன். பொய்யா ஆஜர் வெச்சவன் நான். இந்தப் பொண்ணு உளறல. நாளைக்கு ஆபீசுல கேட்டா இதையே சொல்லுங்க, யாரும் எனக்காக மறைக்க வேணாம்." சுபேதார் தாடியைப் பிடித்தபடி நின்றார். யாரோ அல்லா என்றார்கள். தேசப்பன் பின்னாலேயே வந்திருக்கிறான், கையில் இன்னும் கிண்ணி. சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றுதான், அந்தப் பேரை நாக்கு மறந்துவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றிற்று, இருபத்திரண்டு வருஷம் சொல்லாத பேர், சொன்னால் முடிந்தது, ஆற்றங்கரையும் இல்லை, கதவும் இல்லை, யாரும் எங்கேயும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. தாயாரு தலையைக் குனிந்துகொண்டு, தானே இரண்டு கையையும் கிணற்றுக் கல்லின்மேல் நீட்டி வைத்தாள், வளையல்கள் கல்லில் பட்டுக் கலீரென்றன, காத்திருந்தாள். நான் காகிதத்தை மடித்துவிட்டுப் படித்தேன்.

"மாண்டலேக்கு வடக்கே, ஜுரத்தால். தகப்பன் பேர் ஏகாம்பரம். தாய் பேர் கன்னியம்மா. செத்தவன் பேர் அய்யாக்கண்ணு."